நீதிபதி ஓய்வு பெறும் தேதி

அரசு ஊழியருக்கு ஓய்வு வயது எத்தனை என்று கேட்டால் நம் வீட்டுப் பேரப்பிள்ளைகூட 60 என்று சொல்லிவிடும். நீதிபதிக்கு எத்தனை என்று கேட்டால் பெரியவர்களே சற்று யோசிப்பார்கள். மாவட்ட நீதிபதிக்கு 60, உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 62, உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65. தீர்ப்பாயத்துக்குப் போனால் 67, தலைவரானால் 70. ஒரே தொழிலில் இத்தனை எல்லைகள் ஏன் என்று, பென்ஷன் ஃபைல்களோடு முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிய எனக்கு ஒரு கேள்வி நெடுநாளாக உண்டு. அந்தத் தேதியை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம் என்று படிக்கப் படிக்கத் தெரிந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு 'இனமோவிபிலித்தே' என்ற நீளமான சொல் நினைவிருக்கும். நீதிபதியை இருக்கையிலிருந்து யாரும் அசைக்க முடியாது என்பது அதன் பொருள். வகுப்பில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொடுப்பார்கள். கூடவே சொல்லாமல் விட்ட ஒரு சங்கதி உண்டு. 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். மூன்று மாதம் கழித்து, 1852 மார்ச் 1-ஆம் தேதி ஓர் ஆணை வந்தது. கீழ்க் கோர்ட்டு, மேல்முறையீட்டுக் கோர்ட்டு நீதிபதிகளுக்கு 70 வயதிலும், கசாசியோன் என்னும் உச்ச நீதிமன்றத்தாருக்கு 75 வயதிலும் கட்டாய ஓய்வு. அதுவரை உயிருள்ளவரை பதவி என்று இருந்தவர்கள் அவர்கள். யாரையும் நீக்கவில்லை, யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. முந்தைய ஆட்சிகளில் நியமனம் பெற்ற மூத்தவர்கள் வயது வந்தது என்று வீட்டுக்குப் போனார்கள். காலியான நாற்காலிகளைப் புது ஆட்சி நிரப்பிக்கொண்டது. எழுபதில் ஓய்வு கொடுப்பது நியாயமில்லை என்று யாரால் சொல்ல முடியும்? அதுதான் அந்த ஆணையின் சாமர்த்தியம்.

நம் ஊரில் கோர்ட்டு நடத்திய பிரெஞ்சு நீதிபதிகளுக்கு இந்தப் பாதுகாப்புகூட நீண்ட காலம் கிடையாது. காலனிகளில் இருந்தவர்களை அரசாங்கம் வேண்டும்போது மாற்றலாம் என்றே வைத்திருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் அசைக்க முடியாதவர், இந்தப் பக்கம் அசைக்கக்கூடியவர்.

ஆங்கிலேயர் பக்கமும் அதே கதைதான். இந்திய உயர் நீதிமன்ற நீதிபதிகள் மன்னரின் விருப்பம் உள்ளவரை பதவியில் இருந்தார்கள். 1935-ஆம் ஆண்டுச் சட்டம்தான் உயர் நீதிமன்றத்துக்கு 60, புதிதாக வந்த பெடரல் கோர்ட்டுக்கு 65 என்று எழுதி வைத்தது. நம் அரசியலமைப்பு அந்த இரண்டு எண்களையும் அப்படியே எடுத்துக்கொண்டது. 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தபோது, நேரு ஐன்ஸ்டீனை உதாரணம் காட்டிப் பேசினார். அறுபது ஆகிவிட்டது, வீட்டுக்குப் போய் ஆராய்ச்சி செய்துகொள்ளுங்கள் என்று ஐன்ஸ்டீனிடம் எந்த அரசாவது சொல்லுமா என்பது அவர் கேள்வி. இருந்தும் உயர் நீதிமன்றத்துக்கு 60-தான் நின்றது. 1963-இல் பதினைந்தாவது திருத்தம் அதை 62 ஆக்கியது. இதையும் 65 ஆக்க 2010-இல் ஒரு மசோதா வந்து, நிறைவேறாமலே காலாவதியாயிற்று. ஆக, உச்ச நீதிமன்றத்துக்கு அழைப்பு வந்தால் ஓர் உயர் நீதிமன்ற நீதிபதிக்கு இன்னும் மூன்று வருஷம் சேரும். இந்த மூன்று வருஷத்தின் கனத்தைப் பற்றிச் சட்டப் புத்தகங்களில் அதிகம் எழுதியிருக்க மாட்டார்கள்.

சரி, எண்ணை எழுதியாயிற்று. ஒருவருக்கு 60 நிறைந்துவிட்டது என்று யார் சொல்வது? இங்கேதான் எங்கள் குமாஸ்தா உலகம் உள்ளே வருகிறது.

சர்வீஸ் புக்கின் முதல் பக்கத்தில் பிறந்த தேதியை எண்ணாலும் எழுத்தாலும் எழுதிக் கையெழுத்து வாங்குவோம். அதைத் திருத்த வேண்டுமானால் வேலையில் சேர்ந்த ஐந்து வருஷத்துக்குள் கேட்க வேண்டும். அப்புறம் பிரம்மாவே வந்து சொன்னாலும் நடக்காது. புதுச்சேரியில் இதில் பெரிய சிக்கல் வராததற்கு ஒரு காரணம் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் வைத்த 'எத்தா சிவில்' பதிவேட்டில் குழந்தை பிறந்த நாளும் நேரமும், தகப்பன் பெயரும் தொழிலும், சாட்சிகளின் கையெழுத்தும் இருக்கும். நகலுக்கு எழுதிப்போட்டால் வந்துவிடும். எல்லைக்கு அப்பால், கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த எங்கள் தலைமுறைச் சிநேகிதர்கள் பலருக்கு ஜூன் மாதத்தில்தான் பிறந்தநாள். பள்ளியில் சேர்க்க வந்த அன்று வாத்தியார் விரலை மடக்கிக் கணக்குப் போட்டு எழுதிய தேதி அது. வீட்டில் ஜாதகம் ஒன்று சொல்லும், மெட்ரிகுலேஷன் சர்ட்டிபிகேட் இன்னொன்று சொல்லும். நிஜ வயதுக்குள் ஆபீஸ் வயது ஒன்று தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டு வயதும் ஒரு உயர் நீதிமன்ற நீதிபதிக்கே முட்டிக்கொண்டது. கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் 1949-இல் நீதிபதியானவர் ஜோதி பிரகாஷ் மித்தர். அவர் தந்த பிறந்த தேதி 1904 டிசம்பர் 27. மெட்ரிகுலேஷன் பதிவுப்படி பார்த்தால் 1901 டிசம்பர் 27. மூன்று வருஷ வித்தியாசம். உள்துறை அமைச்சகம் பழைய பதிவுகளைத் தோண்டி, 1901-தான் சரி, ஆகவே 1961 டிசம்பர் 27-ஆம் தேதி அறுபது நிறைகிறது என்று முடிவு கட்டியது. அந்த நாளிலிருந்து தலைமை நீதிபதி அவருக்கு வழக்கு ஒதுக்குவதை நிறுத்தினார். மித்தர் கோர்ட்டுக்குப் போனார். நேற்றுவரை மேலே உட்கார்ந்து கேட்டவர், இன்று கீழே நின்று கேட்கிறார்.

உச்ச நீதிமன்றம் கண்ட விஷயம் பிறந்த தேதி எது என்பதல்ல. ஒரு நீதிபதியின் வயதை அமைச்சகத்து ஃபைலில் குறிப்பெழுதி முடிவு செய்யலாமா என்பதுதான். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1963-இன் அதே பதினைந்தாவது திருத்தம் 217-ஆம் பிரிவில் மூன்றாவது உட்பிரிவைச் சேர்த்தது. உயர் நீதிமன்ற நீதிபதியின் வயதில் கேள்வி எழுந்தால், இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தபின் குடியரசுத் தலைவர் முடிவு செய்வார், அதுவே இறுதி என்று. முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தது அது. அமைச்சகம் எடுத்த பழைய முடிவு செல்லாது, குடியரசுத் தலைவர்தான் தீர்மானிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1964-இல் சொன்னது. 1965-இல் குடியரசுத் தலைவரும் 1901 என்றே தீர்மானித்தார். அதையும் எதிர்த்து வழக்கு நடந்து, 1971-இல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை நிலைநிறுத்தியது. 1904 என்று வைத்தாலும் அவருக்கு 62 கடந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வழக்கு நின்றது தேதிக்காக; தேதி வழக்குக்காக நிற்கவில்லை.

அந்த அறுபதுகளிலேயே நம் சென்னை உயர் நீதிமன்றத்திலும் ஒன்று நடந்தது. தலைமை நீதிபதி ஒருவரின் வயதைக் குறித்துக் கேள்வி எழுந்து, 1964-இல் அவர் பதவி விலகினார். விலகும்படி அறிவுரை சொன்னவர் அப்போதைய இந்தியத் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர். விஷயம் வெளியே வந்ததே அவருடைய தம்பியின் சஷ்டியப்தபூர்த்தி அழைப்பிதழால்தான் என்று வக்கீல்கள் வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். தம்பிக்கு அறுபது என்றால் அண்ணனுக்கு? நம் குடும்பங்களில் மறைக்க முடியாத பதிவேடு ஒன்று உண்டென்றால் அது கல்யாணப் பத்திரிகைதான்.

இனி பென்ஷனுக்கு வருவோம். 1950-இல் உயர் நீதிமன்ற நீதிபதியின் சம்பளம் 3,500 ரூபாய். தலைமை நீதிபதிக்கு 4,000. இந்தத் தொகையை அரசியலமைப்பின் அட்டவணையிலேயே எழுதிவிட்டதால், அடுத்த 36 வருஷம் யாரும் தொடவில்லை. விலைவாசி எங்கேயோ போய்விட்டது. 1986-இல்தான் 54-ஆவது திருத்தம் வந்து அதை 8,000 ஆக்கியது. இன்றைக்கு 2,25,000. பாதுகாப்பு என்று அட்டவணையில் எழுதி வைத்ததே கட்டுப்போட்டதுபோல் ஆகிவிட்டது.

பென்ஷன் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி. அதில் நீதிபதிகளை இரண்டு கோஷ்டியாகப் பிரித்தார்கள். மாவட்ட நீதிபதியாக இருந்து மேலே வந்தவருக்குப் பழைய சர்வீஸும் கணக்கில் சேரும். வக்கீலாக இருந்து நேரே வந்தவருக்கு, நீதிபதியாக இருந்த ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் இவ்வளவு என்றுதான் கணக்கு. 54, 55 வயதில் நியமனமான ஒரு பெரிய வக்கீலுக்கு ஏழெட்டு வருஷம்தான் கிடைக்கும். ஒரே பெஞ்சில் அக்கம்பக்கம் உட்கார்ந்து ஒரே தீர்ப்பில் கையெழுத்துப் போட்ட இரண்டு பேருக்கு இரண்டு விதமான பென்ஷன். ராமகிருஷ்ணம் ராஜு என்ற ஓய்வு பெற்ற நீதிபதி இதை எதிர்த்துப் போட்ட வழக்கில், வக்கீல் தொழில் பார்த்த பத்து வருஷத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2014 மார்ச் 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நம் ஈரோட்டுப் பக்கத்துக்காரரான சதாசிவம்தான் அப்போது தலைமை நீதிபதி.

அப்படியும் தீரவில்லை. 2004-க்குப் பிறகு கீழ்க் கோர்ட்டில் சேர்ந்து உயர் நீதிமன்றத்துக்கு வந்தவர்களைப் புதிய பென்ஷன் திட்டத்தில் தள்ளினார்கள். பாட்னாவில் ஒரு நீதிபதிக்கு ஜி.பி.எஃப். கணக்கு இல்லாத காரணத்தால் மாதக்கணக்கில் சம்பளமே போகாமல் இருந்தது. உயர் நீதிமன்ற நீதிபதிக்கே சம்பளப் பட்டியல் பாஸ் ஆகவில்லை என்றால், எங்கோ ஒரு பிரிவில் எந்த இலட்சணத்தில் ஃபைல் உறங்கியிருக்கும் என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைசியில் 2025 மே 19-ஆம் தேதி, தலைமை நீதிபதி கவாய் தலைமையிலான பெஞ்சு எல்லாவற்றையும் ஒரே வீச்சில் நேராக்கியது. எந்த வழியில் வந்திருந்தாலும், எந்தத் தேதியில் ஓய்வு பெற்றிருந்தாலும், நிரந்தர நீதிபதியோ கூடுதல் நீதிபதியோ, எல்லா உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கும் ஆண்டுக்கு 13,50,000 ரூபாய் முழுப் பென்ஷன். தலைமை நீதிபதியாக இருந்தவருக்கு 15,00,000.

இதைப் படித்தபோது நம் பென்ஷனர்களுக்கு 1982 டிசம்பர் 17 ஞாபகம் வந்திருக்கும். நகாரா வழக்கு. 1979 மார்ச் 31-க்கு முன் ஓய்வு பெற்றவருக்கு ஒரு கணக்கு, பின் பெற்றவருக்கு ஒரு கணக்கு என்று அரசு கோடு போட்டதை உச்ச நீதிமன்றம் அழித்த நாள். பென்ஷன் தர்மம் அல்ல, உழைத்ததற்கான உரிமை என்று நிலைநாட்டிய நாள். அதனால்தான் டிசம்பர் 17-ஐப் பென்ஷனர் தினமாகக் கொண்டாடுகிறோம். நீதிபதிகளுக்கு 2025 மே மாதம் கிடைத்தது அந்த நியாயத்தின் நீட்சிதான். அதற்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச்சில், நாடாளுமன்றம் நிதிச் சட்டத்தோடு சேர்த்து இன்னொன்றை நிறைவேற்றியது. மத்திய அரசுப் பென்ஷனர்களை ஓய்வு பெற்ற தேதியை வைத்து வேறுபடுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு, எப்போதுமே இருந்தது என்று முன்தேதியிட்டு உறுதி செய்தார்கள். நீதிபதிக்குத் தேதி தடையாகக் கூடாது, குமாஸ்தாவுக்கு ஆகலாம். இரண்டும் ஒரே வருஷத்தில். நீதிபதிக்குக் கிடைத்ததில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. அதே அளவுகோலை நம் பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

எண்பது வயதுக்காரர்கள் கவனிக்க ஒரு குறிப்பு. எண்பதில் 20 சதவீதம் கூடுதல் பென்ஷன் நமக்கும் உண்டு, நீதிபதிகளுக்கும் உண்டு. எண்பது என்றால் எது? நம் வழக்கில் 'எண்பது நடக்கிறது' என்போம், 'எண்பது முடிந்தது' என்போம். இரண்டுக்கும் ஒரு வருஷம் இடைவெளி. எண்பதாவது வயது தொடங்கும் முதல் நாளிலிருந்தே, அதாவது 79 நிறைந்த உடனே கூடுதல் தொகை கொடுக்க வேண்டும் என்று 2018-இல் கௌஹாத்தி உயர் நீதிமன்றம் ஓர் ஓய்வு பெற்ற நீதிபதியின் வழக்கில் சொல்லிவிட்டது. டில்லியில் பதறிப்போனார்கள். 2021 டிசம்பரில் நாடாளுமன்றம் கூடி, எண்பது நிறைகிற மாதத்தின் முதல் தேதியிலிருந்துதான் என்று சட்டத்தைத் திருத்தியது. நடப்பா நிறைவா என்ற ஒரு சொல்லுக்காக இரு அவைகளும் உட்கார்ந்தன.

ஓய்வுக்குப் பின் நீதிபதி என்ன செய்யலாம் என்பதுதான் மிச்சமுள்ள விஷயம். உச்ச நீதிமன்ற நீதிபதி எந்தக் கோர்ட்டிலும் வாதாடக் கூடாது. உயர் நீதிமன்ற நீதிபதிக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது; 1956-இல் தளர்த்தி, தான் நிரந்தர நீதிபதியாக இருந்த உயர் நீதிமன்றத்தையும் அதன் கீழ்க் கோர்ட்டுகளையும் தவிர்த்து, உச்ச நீதிமன்றத்திலும் மற்ற உயர் நீதிமன்றங்களிலும் வாதாடலாம் என்றார்கள். அரசாங்கப் பதவி ஏற்பதற்கு மட்டும் தடையே இல்லை. ஓய்வுக்குப் பின் அரசு வேலை கூடாது என்று சீதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் 1958-இல் எழுதி வைத்தது. அறிக்கை அலமாரியில் இருக்கிறது. பாத்திமா பீவி நமக்கு ஆளுநராக வந்தார், சதாசிவம் கேரளத்துக்கு ஆளுநராகப் போனார். அவர்கள் தீர்ப்புகளில் குறை சொல்ல நான் வரவில்லை. 62 வயதில் உடம்பும் மூளையும் நன்றாக இருக்கும்போது வீட்டுக்கு அனுப்பி, அடுத்த வேலையை அரசின் கையில் வைப்பது அமைப்பின் கோளாறு; ஆளின் கோளாறல்ல.

அந்த அடுத்த வேலை பெரும்பாலும் தீர்ப்பாயம். 1976-இன் 42-ஆவது திருத்தம் அதற்கு வழி விட்டது. 1985 நவம்பர் 1-ஆம் தேதி மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் தொடங்கியது. அதன் சென்னை பெஞ்சில் நம் புதுச்சேரி ஊழியர்கள் சீனியாரிட்டிக்கும் பிரமோஷனுக்கும் ஏறி இறங்காத படி கிடையாது. எதிர்க்கட்சி யார் என்று பாருங்கள்: அரசாங்கம். உறுப்பினரை நியமிப்பதும் அரசாங்கம். பதவிக்காலத்தைக் குறிப்பதும் அதுவே.

அந்தப் பதவிக்காலத்துக்காக நடந்த போராட்டத்தை எடுத்து நடத்தியது மெட்ராஸ் பார் அசோசியேஷன் என்பதில் நம் பக்கத்துக்காரர்கள் பெருமைப்படலாம். 2017 விதிகள் மூன்று வருஷம் என்றன. 2019-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஐந்து வருஷம் வேண்டும் என்று 2020 நவம்பரில் சொன்னது. 2021 ஏப்ரலில் அரசு அவசரச் சட்டம் போட்டு நான்கு என்றது, 50 வயதுக்குக் குறைந்தவர் வரக் கூடாது என்றும் சேர்த்தது. ஜூலையில் கோர்ட்டு அதை அடித்தது. ஆகஸ்டில் அடித்ததையே சட்டமாக மீண்டும் நிறைவேற்றினார்கள். நான்கு வருஷத்தில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. நாற்பத்தைந்து வயது வக்கீல் தொழிலை விட்டுவிட்டு நான்கு வருஷத்துக்கு வருவாரா? வர மாட்டார். அப்போது யார் மிஞ்சுவார்கள்? ஓய்வு பெற்றவர்கள்தான். மறுநியமனம் வேண்டும் என்றால் மூன்றாவது வருஷத்திலேயே டில்லியைப் பார்க்க ஆரம்பிக்க வேண்டும்.

சம்பளக் கணக்கும் பார்த்துவிடுவோம். தீர்ப்பாய உறுப்பினருக்கு மாதம் 2,25,000. ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி வந்தால் அவர் வாங்கும் பென்ஷன் 1,12,500-ஐக் கழித்துக்கொண்டு மிச்சம் 1,12,500 தருவார்கள். ஓய்வு பெற்று வந்தவருக்கு அங்கே செய்த சர்வீஸுக்குத் தனியாகப் பென்ஷன் ஏறாது. மறுவேலையில் சேர்ந்த முன்னாள் ராணுவத்தினருக்குச் சம்பளம் நிர்ணயித்துப் பழகிய எங்களுக்கு இந்தக் கழித்தல் கணக்கு புதிதல்ல. ஆகவே பணத்துக்காகத்தான் போகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வது சரியில்லை. காரும் குவார்ட்டர்ஸும் டவாலியும், முக்கியமாக ஒரு நாற்காலியும், இன்னும் நாலு வருஷம் இருக்கும்.

2025 நவம்பர் 19-ஆம் தேதி, ஏற்கெனவே அடிக்கப்பட்டதைத் திரும்பக் கொண்டுவந்த அந்தப் பிரிவுகளை உச்ச நீதிமன்றம் மறுபடியும் செல்லாது என்றது. தேசியத் தீர்ப்பாய ஆணையம் ஒன்றை அமைக்க அரசுக்கு நான்கு மாத அவகாசம் கொடுத்தது. தீர்ப்பை வழங்கிய தலைமை நீதிபதி கவாய்க்கு 65 நிறைய அப்போது நான்கே நாள் பாக்கி. ஓய்வுக்குப் பின் அரசுப் பதவி எதையும் ஏற்க மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தவர் அவர். நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு பெற்றார்.